கழகச் சின்னத்திலிருந்து தொழிற்சான்றிதழ் வரை: ஜேர்மனியில் குதிரையேற்றம் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒவ்வோர் ஆண்டும் வந்து போகும் நம்மவர்களில் பலருக்கு, அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வாரண்டோர்ஃப் என்ற சிறிய ஊர்தான் ஜேர்மனியின் குதிரை உலகத்துக்குத் தலைநகர் என்பது தெரியாது. நாட்டின் குதிரையேற்றச் சம்மேளனமான எஃப்என் அமைப்பின் தலைமையகமும், 1826ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரச பொலிகுதிரைப் பண்ணையும் அந்த ஊரிலேயே இருக்கின்றன. நம் பிள்ளைகள் ஊர்க் கழகத்தில் எடுக்கும் சின்னங்களின் விதிகளும் அங்குதான் வகுக்கப்படுகின்றன. என் மகள் எட்டு வயதில் கழகத்தில் சேர்ந்தபோது இவை எதுவும் எனக்குத் தெரியாது. சட்டையில் குத்தும் ஊசிச் சின்னம் ஒன்றுக்காக விடுமுறை முழுவதையும் லாயத்தில் கழிக்கிறாளே என்றுதான் எண்ணினேன். இப்போது லாயத்தின் வேலிக்கு வெளியே நிற்கும் புதிய பெற்றோர் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, இந்தச் சின்னங்கள் பின்னாளில் தொழிலுக்குக் கணக்கில் வருமா என்பதே. வரும். ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் வராது. படித்த ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளும் மதிப்பெண்ணாக அல்லாமல், அடுத்த கதவைத் திறக்கும் சாவியாகவே அவை பயன்படுகின்றன. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் பணமும் காலமும் மிச்சமாகும்.

பத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கும் படிகள்

குதிரையேற்றச் சின்னத்தை ஜேர்மன் மொழியில் ரைட்அப்சைஷன் என்பார்கள். லாயத்தில் எல்லோரும் ஆர்ஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். 2014ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் இது பத்துப் படிகளாக இருக்கிறது. எண் குறையக் குறையத் தரம் உயர்கிறது என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆர்ஏ 10 எடுத்த பிள்ளையை ஆகச் சிறந்தவள் என்று உறவினர்களிடம் சொல்லிவிட்டு நான் திருத்திக்கொள்ள நேர்ந்தது. ஆர்ஏ 10 முதல் ஆர்ஏ 6 வரையானவை சிறுவர்களை ஊக்குவிப்பதற்கானவை. முன்பு இவற்றைச் சிறிய லாடம், பெரிய லாடம் என்று அழைத்தார்கள், வயதான பயிற்சியாளர்கள் இன்றும் அப்படியே சொல்வார்கள். தொழிற்பாதையில் இந்த ஐந்து படிகளுக்கும் முறையான மதிப்பு எதுவும் கிடையாது. அதற்காக அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பரீட்சகர் முன்னால் நடுங்காமல் நிற்கப் பிள்ளை பழகுவது அங்கேதான். ஆனால் ஒவ்வொரு படியையும் தவறாமல் எடுத்தே தீரவேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், அது எதற்காக என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கணக்கு உண்மையில் தொடங்குவது ஆர்ஏ 5இல். அதில் டிரெஸ்ஸாஜ் எனப்படும் தளப் பயிற்சியும், தடை தாண்டுதலும், வாய்மொழியாகக் கேட்கப்படும் பாட அறிவும் சோதிக்கப்படுகின்றன. அடுத்ததான ஆர்ஏ 4இல் தரம் போட்டிகளின் ஏ வகுப்புக்கு, அதாவது தொடக்கநிலைப் போட்டியாளர் வகுப்புக்கு, உயர்கிறது. அந்த வகுப்பின் முதல் நிலையில் தடைகளின் உயரம் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர். ஜேர்மனியில் குதிரையேற்றத்துக்கு 0 முதல் 10 வரை புள்ளி தருகிறார்கள். 5 என்பது போதுமானது, 6 திருப்திகரம், 8 நல்லது. பள்ளிக்கூடத்தில் 1 என்றால் மிகச் சிறப்பு என்று பழகிய பிள்ளைகளுக்கு இங்கே எண்ணின் பொருள் தலைகீழாக இருக்கும்.

ஏறுவதற்கு முன் இறங்கி நிற்கும் பரீட்சை

ஆர்ஏ 5க்கு விண்ணப்பிப்பதற்கு முன் இன்னொரு சான்றிதழ் தேவை. குதிரையைக் கையாளும் உரிமம் என்று தமிழில் சொல்லலாம். அதன் ஜேர்மன் பெயர் ஃபெர்டஃபூரர்ஷைன் உம்காங். 2020ஆம் ஆண்டு முதல், முன்பிருந்த பாசிஸ்பாஸ் என்ற அடிப்படைச் சான்றிதழுக்குப் பதிலாக இது வந்தது. இந்தப் பரீட்சையில் பிள்ளை குதிரையின் மேல் ஏறுவதே இல்லை, தரையில் நின்றே எல்லாவற்றையும் செய்து காட்ட வேண்டும். பெற்றோர் பலர் இதைச் சடங்காக எண்ணுகிறார்கள். நான் இதையே முழு ஏணியிலும் மிக முக்கியமான படி என்பேன், ஏனென்றால் பின்னாளில் தொழில் தருபவர் பார்ப்பது பெரும்பாலும் இங்கே கற்ற பழக்கங்களைத்தான்.

என் மகளின் பரீட்சை நாள் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. குதிரையைக் கம்பத்தில் கட்டும்போது, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தவுடன் முழுவதும் அவிழ்ந்துவிடும் பாதுகாப்பு முடிச்சைப் போட வேண்டும். குதிரை மிரண்டு பின்னிழுத்தால் அதன் கழுத்தையோ நம் விரலையோ காப்பாற்றுவது அந்த முடிச்சுத்தான். அவள் அதை முந்தைய மூன்று வாரங்களாக வீட்டுக் கதவுக் கைபிடியில் போட்டுப் பழகியிருந்தாள். பிறகு குளம்பைத் தூக்கி, குதிகாலிலிருந்து முன்னோக்கிக் கொக்கியால் சுத்தம் செய்து, நடுவிலுள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதியைக் காயப்படுத்தாமல் காட்டினாள். நான் பதற்றத்தில் சற்று அருகே போய்விட்டேன். "அம்மா, பக்கத்திலை நிண்டு கதைக்காதேங்கோ, குதிரை இப்ப என்னைத்தான் கேட்கவேணும்" என்றாள். பரீட்சகருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

கேள்விகளும் இதே போல் கைக்குள் அடங்குபவை. ஓய்வாக நிற்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 40, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.2 பாகை என்பதை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைவிடப் பயனுள்ளது, குதிரையின் அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கணக்கு. பிடரி முடியும் இடத்திலுள்ள மேட்டுவரை குதிரையின் உயரத்தை அளந்து, அதை இரண்டால் பெருக்கி, வந்ததை அதனாலேயே மீண்டும் பெருக்க வேண்டும். 1.65 மீற்றர் உயரமுள்ள குதிரைக்கு 3.3 மீற்றர் தன்னாலேயே பெருக்கப்பட்டு, ஏறத்தாழ 11 சதுர மீற்றர் வருகிறது. இந்தக் கணக்கைப் பிள்ளை தன் கழக லாயத்திலேயே நாடாவால் அளந்து பார்த்துவிட்டால், அதன் பின் எந்தப் பரீட்சையிலும் மறக்காது.

முதற்கதவு: பயிற்சியாளர் உரிமம்

சின்னங்கள் நேரடியாகவும் எழுத்து வடிவிலும் கணக்கில் எடுக்கப்படும் இடம் பயிற்சியாளர் உரிமம்தான். இது விளையாட்டுச் சங்கங்களின் உரிமம். கழகத்தில் பாடம் நடத்தவும், அதற்கு ஊதியம் பெறவும் இது அடித்தளம். டிரெய்னர் சி, டிரெய்னர் பி, டிரெய்னர் ஏ என்று மூன்று நிலைகள் உண்டு, இங்கே சி என்பது தொடக்கம். பொழுதுபோக்காகவும் அடிப்படையாகவும் குதிரையேறுபவர்களுக்குக் கற்பிக்கும் டிரெய்னர் சி பாடநெறியில் சேர ஆர்ஏ 4 வேண்டும். போட்டியாளர்களைப் பயிற்றும் பிரிவில் சேர ஆர்ஏ 3 வேண்டும். ஆகவே தொழிற்பாதையில் கீல் போல அமைந்திருப்பது ஆர்ஏ 4. பிள்ளைக்கு இந்தத் துறையில் நிலைக்கும் எண்ணம் இருக்கிறது என்று தெரிந்தவுடன், அதைக் குறிவைத்தே மற்றவற்றைத் திட்டமிடுங்கள்.

ஆர்ஏ 4 மட்டும் போதாது. குதிரையைக் கையாளும் உரிமம், நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுப் பழக்கும் லோஞ்ச் சின்னத்தின் ஐந்தாம் படி, இரண்டு ஆண்டுகளுக்குள் எடுத்த முதலுதவிச் சான்று, சிறுவர்களோடு பணிபுரிபவர்களிடம் கேட்கப்படும் விரிவான நன்னடத்தைச் சான்றிதழ் ஆகியவையும் கேட்கப்படும். இவற்றுள் பலரும் மறந்துவிடுவது லோஞ்ச் சின்னம். அது பரபரப்பில்லாத, பார்வையாளர் இல்லாத பரீட்சை, ஆதலால் பிள்ளைகள் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு டிரெய்னர் பாடநெறிக்கு இடம் கிடைத்த வாரத்தில் கையில் இல்லாமல் தவிக்கிறார்கள். ஆர்ஏ 5க்கும் ஆர்ஏ 4க்கும் இடையிலுள்ள குளிர்காலத்தில் அதை எடுத்துவிடுவது நல்லது.

டிரெய்னர் சி பாடநெறி குறைந்தது 120 பாட அலகுகளைக் கொண்டது. ஓர் அலகு 45 நிமிடம். வெஸ்ட்ஃபாலன் பகுதியில், அதாவது டோர்ட்முண்ட், ஹம், மியூன்ஸ்டர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மியூன்ஸ்டரிலுள்ள நிலக் குதிரையேற்றப் பள்ளியும், டுசல்டோர்ஃப், கேல்ன், கிரேஃபெல்ட் பக்கம் இருப்பவர்களுக்கு லாங்கன்ஃபெல்டிலுள்ள பள்ளியும் அருகானவை. ஒரே மாநிலம் என்றாலும் குதிரையேற்றத்தில் வெஸ்ட்ஃபாலனுக்கும் ரைன்லாந்துக்கும் தனித்தனிச் சங்கங்கள் என்பதால், விண்ணப்பத்தைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிக் காலத்தை இழப்பவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு உயர்ந்த சின்னம் எடுத்திருந்தாலும், கற்பிக்கும் திறனுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைக்காது. சின்னம் சோதிப்பது தான் ஏறுவதை. உரிமம் சோதிப்பதோ இன்னொருவரை ஏற வைப்பதை. ஜேர்மனியப் பயிற்சி முறையின் ஆறு படிகளான தாளம், இறுக்கமின்மை, கடிவாளத் தொடர்பு, உந்துவிசை, நேராக்கம், திரட்சி ஆகியவற்றை வரிசையாகச் சொல்லிவிடும் பிள்ளை, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும்போது அவனுக்கு எந்தச் சொல்லால் அதை விளக்குவது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே பதினான்கு, பதினைந்து வயதிலேயே கழகத்தின் சிறுவர் குழுவில் பயிற்சியாளருக்குக் கைகொடுக்க அனுப்புங்கள். அந்தச் சனிக்கிழமைகளுக்குச் சின்னம் கிடையாது, ஆனால் பாடநெறியில் அவையே கைகொடுக்கும்.

இரண்டாம் கதவு: ஃபெர்டவிர்ட் தொழிற்பயிற்சி

முழுநேரத் தொழிலாகக் கொள்ள விரும்புபவர்களுக்கான அரச அங்கீகாரமுள்ள தொழில் ஃபெர்டவிர்ட், அதாவது குதிரைகளைப் பராமரித்து, வளர்த்து, பழக்கும் தொழில். மூன்று ஆண்டுப் பயிற்சி, ஒரு பக்கம் லாயத்திலும் மறு பக்கம் தொழிற்பள்ளியிலும் நடக்கும். 2010ஆம் ஆண்டுப் பயிற்சி ஒழுங்குவிதி இதை ஐந்து பிரிவுகளாக வைத்திருக்கிறது: பராமரிப்பும் சேவையும், இனவிருத்தி, மரபுவழிக் குதிரையேற்றப் பயிற்சி, பந்தயம், சிறப்பு ஏற்றமுறைகள். மாநிலத்தில் இதற்குப் பொறுப்பான அலுவலகம் விளையாட்டுச் சங்கம் அல்ல, வேளாண் சபை. ஆகவே கழகத்தில் கேட்டால் முழுமையான பதில் கிடைக்காமல் போகலாம்.

இந்தக் கதவில் சின்னம் வேறு விதமாகவே வேலை செய்கிறது. ஆர்ஏ 4 இருக்கிறது என்பதற்காக மூன்று ஆண்டில் ஒரு மாதமும் தானாகக் கழிவதில்லை. பயிற்சிக் காலத்தைக் குறைக்கத் தொழிற்கல்விச் சட்டத்தில் வழி உண்டு, ஆனால் அதற்குப் பயிற்சி தருபவரும் பயிலுநரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாக அங்கே எடைபோடப்படுவது அபிடூர் போன்ற பள்ளிச் சான்றிதழ்களே. அப்படியென்றால் சின்னத்தால் பயன் என்ன? முதற்பயன் ஒப்பந்தம் கிடைப்பது. பயிற்சி தரும் பண்ணைக்காரர் பள்ளிப் புள்ளிகளை ஒருமுறை பார்ப்பார். பிறகு சில நாட்கள் வந்து வேலை செய்து காட்டச் சொல்வார். கையாளும் உரிமத்தில் கற்ற முடிச்சும், குளம்பைத் தூக்கும் விதமும் அந்த நாட்களில்தான் பேசும். மரபுவழிக் குதிரையேற்றப் பிரிவுக்குப் போவதென்றால் சின்னத்தின் படியும், போட்டிகளில் ஏறிய வகுப்பும் அவருக்கு உடனே ஒரு படத்தைத் தந்துவிடும். ஆர்ஏ 5 உள்ளவர் போட்டி உரிமத்தில் ஆறாம் தகுதி வகுப்பிலும், ஆர்ஏ 4 உள்ளவர் ஐந்தாம் வகுப்பிலும் சேரலாம். இந்த வகையில் சின்னம் போட்டிக் களத்தின் வழியாகவும் தொழிலுக்கு உதவுகிறது.

இரண்டாவது பயன் அதிகம் பேசப்படாதது. பயிற்சி ஒப்பந்தம் இல்லாமலே நீண்ட காலம் லாயங்களில் வேலை செய்தவர்கள், இறுதிப் பரீட்சைக்கு வெளியாளாக அனுமதி கேட்கலாம். பொதுவாகப் பயிற்சிக் காலத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை ஆண்டு, அந்தத் தொழிலில் வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் சான்றிதழ்களாலோ வேறு வழியாலோ தேவையான திறன் தம்மிடம் இருக்கிறது என்று நம்பும்படி காட்டினால், அந்தக் காலத்தை முழுமையாகவோ பகுதியாகவோ வலியுறுத்தாமல் விடலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. முடிவு அலுவலகத்தின் கையில், அதனால் உறுதி எதுவும் இல்லை. ஆயினும் பதின்வயதில் எடுத்த சின்னம், பயிற்சியாளர் உரிமம், லோஞ்ச் சான்று, வேலை செய்த இடங்களின் கடிதங்கள் எல்லாம் ஒரே கோவையில் ஆதாரமாக நிற்கக்கூடிய இடம் இதுவே. இங்கே வந்து இளமையில் ஒப்பந்தம் கிடைக்காமல், பின்னர் இந்தத் தொழிலுக்குத் திரும்ப விரும்பும் நம்மவர்களுக்கு இந்த வழியைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சொந்தமாக ஏற்றப்பள்ளி நடத்த நினைப்பவர் இன்னொரு கதவையும் கடக்க வேண்டும். வணிக நோக்கில் குதிரையேற்ற நிலையம் நடத்த, விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பதினொன்றாம் பிரிவின்படி கால்நடை வைத்திய அலுவலகத்தின் அனுமதி தேவை. அந்த அலுவலகம் துறை அறிவுக்குச் சான்று கேட்கும். ஃபெர்டவிர்ட் சான்றிதழோ பயிற்சியாளர் உரிமமோ அங்கே எடையுள்ளவை. சிறுவயதுச் சின்னங்களை மட்டும் கொண்டுபோய் அந்த மேசையில் வைப்பதில் பயனில்லை.

தாள்கள், பணம், காலம்

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு நேராமல் இருக்கட்டும். ஆர்ஏ 5 தேறிய அன்று ஊசிச் சின்னத்தை மகள் தொப்பியில் குத்திக்கொண்டாள், சான்றிதழைப் பிறகு தருவதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு கழக நிர்வாகம் மாறியது. தாள் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அடுத்த பாடநெறிக்கு விண்ணப்பித்தபோது ஊசியைக் காட்டி எதுவும் நடக்கவில்லை. பல வாரங்கள் கடிதம் எழுதித்தான் மறுபிரதி கிடைத்தது. ஆகவே பரீட்சை நாளன்றே சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். தந்தை பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறிப் பதியப்படுவது நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் பின்னாளில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் விளக்கக் கடிதம் எழுத நேரும்.

செலவு உண்மையான சுமை என்பதை மறைக்க விரும்பவில்லை. பாடக் கட்டணம், கழகச் சந்தா, தலைக்கவசம், சப்பாத்து, பரீட்சைக் கட்டணம், அதற்கு முன்னான ஆயத்தப் பாடநெறியில் குதிரைக்கு வாடகை என்று பலவும் சேரும். அரச உதவி, குழந்தை கூடுதல்தொகை, வீட்டு வாடகை உதவி ஆகியவற்றைப் பெறும் குடும்பங்களின் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கழகச் செலவுக்காக மாதம் 15 யூரோ கேட்டுப் பெற வழியுண்டு. கல்வி மற்றும் பங்கேற்புத் திட்டம் என்ற பெயரில் அது நடைமுறையில் இருக்கிறது. முழுச் செலவுக்கும் அது போதாது, ஆனால் சந்தாவைப் பெருமளவு ஈடுசெய்யும். சொந்தக் குதிரை இல்லை என்று தயங்கத் தேவையில்லை. கழகக் குதிரையில் ஏறியே ஆர்ஏ 4 வரை போகலாம், என் மகளும் அப்படித்தான் போனாள். ஒரே குதிரையில் பழகாமல் மூன்று, நான்கு குதிரைகளில் பழகியது பின்னர் அவளுக்கு நன்மையாகவே முடிந்தது.

மிகச் சிறிய பிள்ளைகளை வோல்டிஷீரன் எனப்படும் குதிரை மேல் உடற்பயிற்சிக் குழுவில் சேர்ப்பது மலிவான, நல்ல தொடக்கம். அதற்கெனத் தனிச் சின்னங்கள் உண்டு. ஆனால் அவை ஆர்ஏ சின்னங்களுக்கு மாற்றாகாது, அந்தத் துறையின் பயிற்சியாளர் உரிமத்துக்கே வழிகாட்டும். எனவே பிள்ளை பன்னிரண்டு வயதளவில் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆயத்தப் பாடநெறிகள் பெரும்பாலும் ஈஸ்டர், கோடை, இலையுதிர்கால விடுமுறைகளில் நடத்தப்படும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். ஆகவே உங்கள் கழகப் பயிற்சியாளரிடம் அடுத்த விடுமுறைக்கான பட்டியல் எப்போது திறக்கும் என்று கேளுங்கள். அதே வாரத்தில் உங்கள் பகுதியின் சங்க அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, டிரெய்னர் சி பாடநெறிக்கு இப்போது என்னென்ன சான்றுகள் கேட்கிறார்கள், டிரெஸ்ஸாஜ் அல்லது தாண்டுதல் என்று ஒரு பிரிவில் மட்டும் எடுத்த ஆர்ஏ 4ஐ ஏற்பார்களா, முதலுதவிச் சான்று எந்தத் தேதியில் கையில் இருக்க வேண்டும் என்று விசாரித்து, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த மின்னஞ்சலை அச்சடித்துப் பிள்ளையின் கோவையில் முதற்பக்கமாக வைத்துவிட்டு, கையாளும் உரிமத்துக்குப் பெயர் கொடுங்கள்.